வெள்ளிக்கிழமைகளில் பாயின் வண்டி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆறு தடவை டெஸ்ட் கொடுத்து ஆறு தடவையும் ஃபெயில் ஆனவன் நான். கடைசித் தடவை டெஸ்ட் எடுத்த போலீஸ்காரர் வண்டியிலிருந்து இறங்கும்போது என் தோளில் தட்டி, இந்த ஊரில் பஸ் நன்றாகவே ஓடுகிறது என்றார். அத்தோடு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அப்படிப்பட்டவன் கையில்தான் பாய் தன் கார் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்.

இங்கே எல்லோரும் எல்லோரையும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பாகிஸ்தான்காரப் பட்டாணி என்னைப் பாய் என்பான், நேபாளி பட்டாணியைப் பாய் என்பான். நான் சொல்வது நம்மூர்ப் பாய். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அல் ஐன் சனாயாவில், அதாவது பட்டறைகள் நிறைந்த பகுதியில், நாங்கள் வேலை பார்க்கும் கராஜில் இருபத்திரண்டு வருஷமாக ஆட்டோ எலெக்ட்ரீஷியன். நான் அதே கராஜில் டைம்கீப்பர், பெரம்பலூர்ப் பக்கம். ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே ரூம். ரூமில் இருந்த மற்ற இரண்டு நேபாளிகளுக்கும் நைட் டியூட்டி என்பதால் பகலில் அவர்கள் தூங்குவதை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம்.

பாய் போனட்டைத் திறக்காமலே வண்டிக்கு வைத்தியம் சொல்லுவார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நாலடி தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். டைனமோ பெல்ட் தளர்ந்திருக்கு என்பார், ஸ்டார்ட்டரில் புஷ் தேய்ந்திருக்கு என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். மெக்கானிக்குகள் அவரைக் கிண்டல் செய்வார்கள், ஆனால் சிக்கலான வண்டி எது வந்தாலும் அவரைத்தான் தேடுவார்கள்.

போன வருஷம் கோடையில் அவர் கால் வீங்க ஆரம்பித்தது. ஷூ நுழையவில்லை என்று செருப்போடு டியூட்டிக்கு வந்தார். நல்ல சாப்பாடு போல என்று நாங்கள் சிரித்தோம். செப்டம்பரில் டெஸ்ட் எடுத்தபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். தங்கச்சி தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், மதுரையில் ஆபரேஷனை முடித்துக்கொண்டு மார்ச்சுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி அக்டோபர் முதல் வாரம் கிளம்பினார். ஆறு மாதத்துக்குள் வந்து இறங்காவிட்டால் விசா போய்விடும். விசா போனால் வேலை போய்விடும். அந்த வயதில், அந்த உடம்போடு, அவரை மறுபடி யாரும் எடுக்க மாட்டார்கள். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவருடைய சாமான் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. டூல் பாக்ஸ், துணிமணி, கட்டிலுக்கு அடியில் இருந்த இஸ்திரிப் பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. காரும் நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்புக்குப் பின்பக்கம் மண் தரையில் நின்றது. பதினோரு வருஷத்துப் பழைய வண்டி, சாம்பல் நிறம். விற்றுவிட்டுப் போங்களேன் என்று மேனேஜர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. விற்கிறவன் திரும்பி வராதவன், நான் வருகிறவன் என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும், அதுவும் குளிர் வந்தால் சீக்கிரமே இறங்கிவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது அவருக்குப் போன் போட வேண்டும். சத்தத்தை அவர் கேட்க வேண்டும். வேறு யாருக்கும் சாவியைத் தரக் கூடாது. கராஜில் ஓட்டத் தெரிந்தவன் இருபது பேர் இருக்க, ஓட்டத் தெரியாத என்னிடம் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நீதான் வண்டியை எடுத்துக்கிட்டு துபாய்க்குச் சுத்தப் போக மாட்டாய் என்றார். பதில் சரியாகத்தான் இருந்தது.

என் நிலைமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் மே மாதம் என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்றார்கள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்க ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தது. அது கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதை மச்சான் போனில் காட்டினான். நான் கராஜ் ஸ்டோருக்குள் டயர் அடுக்கிய இடத்தில் நின்று பார்த்தேன். பார்த்து முடித்ததும் போய் மத்தியான அட்டெண்டன்ஸ் எடுத்தேன். அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று யாராவது கேட்டால், இருந்தான், நான்தான்.

காரியத்துக்குப் போனேன், இருபது நாளில் திரும்பினேன். எனக்கு அழுகை வரவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறானே என்று ஊரில் என் காதுபடவே பேசினார்கள். தப்பாகச் சொல்லவில்லை. சாப்பிட்டேன், டியூட்டிக்குப் போனேன், காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகனிடம் வாரம் ஒருமுறை நல்லாப் படி என்று சொன்னேன். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கோபம்கூட வருவதில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மற்ற நாள்களை டியூட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். வெள்ளிக்கிழமைதான் சிரமம். எங்கள் கம்பெனிக்கு இன்னும் வெள்ளிதான் லீவு. வியாழன் ராத்திரி படுத்தால் சனிக்கிழமை காலைதான் எழுந்திருப்பேன். தூக்கம் இல்லை, சும்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பாய் ஒருமுறை, வா தம்பி, வெளியே நடந்துவிட்டு வரலாம் என்றார். உங்க வேலையைப் பாருங்க என்றேன். அதைக்கூடக் கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்லுவது மாதிரி சொன்னேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஆக, பாய் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் எழுந்ததற்குக் காரணம் அந்தக் கார்தான். ஒப்புக்கொண்டாயிற்று, செய்து தொலைக்க வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமை வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கண் கூசியது. சாவியைத் திருகினேன், ஒருமுறை இருமிவிட்டு எஞ்சின் ஓடியது. போனைப் போனட் பக்கத்தில் பிடித்தேன். பாய் அந்தப் பக்கம் கேட்டுவிட்டு, ம், போதும் என்றார். பத்து நிமிஷம் கழித்து ஆஃப் செய்தேன். மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.

இங்கே வாட்ஸப்பில் பேச முடியாது, வாய்ஸ் மெசேஜ்தான் போகும். பேசுவதற்கென்று மாசாமாசம் காசு கட்டி வேறொரு ஆப் வைத்திருக்கிறோம். பாய் அதில் வாராவாரம் புது வேலை ஒன்று சொல்லுவார். டயரில் காற்று இருக்கிறதா பார். அப்படியே நின்றால் டயர் ஒரே பக்கம் சப்பையாகிவிடும், பக்கத்து ஷெட்டுப் பையன்களை வைத்து அரையடி தள்ளிவிடு. வண்டி அழுக்காக இருந்தால் முனிசிபாலிட்டிக்காரன் நோட்டீஸ் ஒட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவான், ஈரத்துணியால் துடை. பூனை எஞ்சினுக்குள் ஏறுகிறதா பார். ஒரு வாரம், டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி டிக்கியில் வை, தேவைப்படும்போது சொல்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை காலையில் பாதிக் கடை மூடியிருக்கும். அந்த ஒரு பாட்டிலுக்காக சனாயா முழுக்க நடந்தேன். என்ன மனுஷன் இவர், படுக்கையில் கிடந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்துகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன்.

டிசம்பர் வந்ததும் குளிர் ஏறியது. வளைகுடாவில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். அல் ஐனில் காலை நேரம் வந்து நின்று பார்க்கட்டும். பாலைவனத்திலிருந்து வரும் காற்று எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியில் பனி கோத்திருக்கும். நான் ஒரு வேலை செய்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் ஹீட்டரைப் போட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். மூடுபனி இருந்தால் ஹெட்லைட்டையும் போடுவேன், ஏன் போட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ரேடியோவில் யாரோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். கையை ஹீட்டர் காற்றில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் உடம்பு இருப்பது தெரிந்தது.

அட்டெண்டன்ஸ் ஷீட்டில் பாய் பெயருக்கு நேராகத் தினமும் லீவு என்று எழுதிக்கொண்டிருந்தேன். டிசம்பர் கடைசியில் மேனேஜர் அந்த வரியில் விரலை வைத்து, இவர் எப்போது வருகிறார் என்று கேட்டார். மார்ச்சில் வந்துவிடுவார், வண்டிகூட இங்கேதான் நிற்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என்னமோ அந்த வண்டி நிற்கிற வரைக்கும் அவருடைய வேலையும் நிற்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம் வந்திருந்தது. மடத்தனம்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாவியைத் திருகினேன். கட கட கட என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி திருகினேன். டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி அணைந்தது. மூன்றாவது தடவை அந்தக் கடகடவும் இல்லை. மணி ஏழாகப் போகிறது. பாய்க்கு அங்கே எட்டரை, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னை நம்பி ஒரே ஒரு வேலை கொடுத்தார், அதையும் கெடுத்துவிட்டேன்.

அப்போது எதிர் வரிசையில் பட்டாணி ஒருவன் தன் காரை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுக்கொண்டிருந்தான். அவன் அங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை கடை கிடையாது, எங்கேயோ வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுடையதும் பாய் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். நான் ஓடினேன். ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணு, நான் சொல்லும்போது ஸ்டார்ட் பண்ணு என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனாலும் செய்தான். பாய்க்குப் போன் போட்டு, அவனுக்குக் கை காட்டி, போனை அவன் வண்டிப் போனட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். எஞ்சின் அழகாகப் பிடித்து ஓடியது.

பாய் போனை இன்னும் கிட்டே பிடிக்கச் சொல்லிக் கேட்டார்.

"தம்பி, அது யாரு வண்டி?"

"நம்ம வண்டிதான் பாய்."

"நம்ம வண்டி எழுந்திரிக்கும்போது ஒருக்கா இருமும். இது இருமலையே."

இருபத்திரண்டு வருஷம் காதை வைத்தே சோறு தின்ற மனுஷனிடம் போய் இந்த வேலையைக் காட்டியிருக்கிறேன். பட்டாணி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான், நான் ரோட்டு ஓரத்தில் போனோடு நின்றேன்.

"செத்துருச்சா?" என்றார் பாய்.

"பேட்டரியா?"

"பின்ன, நானா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. பட்டாணி நாளைக்குக் கடை திறப்பான், அவனிடம் காட்டு என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் பட்டாணியை அழைத்துக்கொண்டு வந்தேன். அவன் மீட்டரை வைத்துப் பார்த்தான், என்னை விசாரித்தான். வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், ஓட்டினாயா, சும்மா நிறுத்தியே வைத்திருந்தாயா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஹீட்டர் போட்டாயா என்றான், போட்டேன் என்றேன். ஹெட்லைட் என்றான், அதையும் போட்டேன் என்றேன். ரேடியோ பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் உருதுவில் பொறுமையாக விளக்கினான். ஒருமுறை ஸ்டார்ட் பண்ண பேட்டரி கொடுக்கிறதை, நின்ற இடத்தில் பத்து நிமிஷம் ஓடும் எஞ்சின் திருப்பித் தராது. அதிலும் ஹீட்டர் ஃபேனும் லைட்டும் போட்டால் சுத்தமாகத் தராது. ரோட்டில் எடுத்துக்கொண்டு போய் அரை மணி, முக்கால் மணி ஓட்டினால்தான் ஏறும். கோடை வெயிலிலேயே பாதி வெந்துபோன பேட்டரி இது, குளிர் வந்ததும் பல்லைக் காட்டிவிட்டது. வாராவாரம் நான் சார்ஜ் ஏற்றவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி சார்ஜரில் போட்டால் இன்னும் இரண்டு மூன்று தடவை ஸ்டார்ட் ஆகும், அப்புறம் கலாஸ் என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் இந்தக் கருப்பு ஒயரை, இந்த மைனஸைக் கழற்றி வைத்தால் போதுமே என்றான். இரண்டு நிமிஷ வேலை. அப்படியே கிடக்கும், ஒன்றும் ஆகாது. உன் பாய் இதைச் சொல்லவில்லையா, இந்த சனாயாவில் எனக்கே வேலை சொல்லிக்கொடுக்கிற ஆளாயிற்றே என்று ஆச்சரியப்பட்டான். நான் அவசரமாக டிக்கியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டினேன், இதை ஊற்றினால் சரியாகுமா என்று. அவன் பாட்டிலைப் பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இது சீல் வைத்த பேட்டரி, தண்ணீர் ஊற்ற இதில் ஓட்டையே கிடையாது என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பாய்க்குத் தெரியாமல் இருக்காது. மைனஸைக் கழற்றுவதும் தெரியும், பத்து நிமிஷம் போதாது என்பதும் தெரியும், அந்தப் பேட்டரிக்குத் தண்ணீர் தேவையில்லை என்பதும் தெரியும். அதை வாங்கிப் போட்டவரே அவர்தான். தெரிந்துகொண்டே என்னைப் பதினாலு வெள்ளிக்கிழமை குளிரில் நிறுத்திக் கோமாளியாக்கியிருக்கிறார். அந்த வாரம் முழுக்க எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது. அட்டெண்டன்ஸில் ஒருவன் ஐந்து நிமிஷம் லேட்டாக வந்ததற்கு அவனைப் பிடித்துக் கத்தினேன். சோற்றில் உப்பு இல்லை என்று மெஸ்காரனிடம் சண்டை போட்டேன். எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

பட்டாணி சார்ஜரை வண்டியிலேயே மாட்டி ஏற்றியிருந்ததால் அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆனது, இருமிவிட்டுத்தான் ஆனது. நான் போனை போனட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, பாயைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன்.

"பாய், மைனஸைக் கழட்டி வச்சாப் போதும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா."

"பின்ன எதுக்கு என்னைப் பைத்தியக்காரன் ஆக்குனீங்க?"

பக்கத்தில் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னது கேட்டது.

"கழட்டி வச்சிருந்தா வண்டி அது பாட்டுக்குக் கெடக்கும். நீயும் உன் பாட்டுக்குச் செவுத்தப் பாத்துக் கெடந்துருப்ப. நான் இருந்தாலாச்சும் ரூம்ல ஒரு ஆளு இருக்கு. நானும் போயிட்டா உன்னை யாரு எழுப்புறது? பேட்டரி போனா கடையில கெடைக்கும் தம்பி."

நான் பாயின் காரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். தகரம் ஐஸ் மாதிரி இருந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, அந்த இடத்தில் வேறொன்றும் உடனே வரவும் இல்லை.

அவரே தொடர்ந்தார். எனக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் போல இருந்தது, பொய் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். தங்கச்சிக்கு டெஸ்ட் எடுத்ததில் சர்க்கரை இருப்பது தெரிந்திருக்கிறது. அவளிடமிருந்து எடுக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்களாம். வேறு கிட்னிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் டயர் காற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"வாரத்துல மூணு நாளு மெஷின்ல படுக்கணும். அங்க எந்தக் கம்பெனி அப்படி டியூட்டி தரும்? நீ டைம்கீப்பர், நீயே சொல்லு."

நான் டைம்கீப்பர்தான். எத்தனை நாள் வராவிட்டால் பெயரை அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஷீட்டில் கோடு போடுபவனே நான்தான்.

"இப்பக் கழட்டிரு," என்றார். "பத்தாம் நம்பர் ஸ்பேனர் டாஷ்போர்டுக்குள்ள இருக்கு."

"முடியாது," என்றேன். "மார்ச்சுல வரேன்னு சொன்னீங்கல்ல. வந்து நீங்களே கழட்டிக்கங்க."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. டியூட்டி முடிந்து வந்துகொண்டிருந்த எங்கள் ரூம் நேபாளிகள் இரண்டு பேரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சாகக் கிடக்கிற மனுஷனிடம் கத்துகிறோமே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. பாய் போனை வைக்கவில்லை. நான் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார், வேலை பழகுகிறவன் கை நடுங்கினால் அவன் பக்கத்தில் நின்று காத்திருப்பாரே, அப்படி.

ஸ்பேனரை எடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு எஞ்சின் மேலேயே வைத்தேன். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். கருப்பு ஒயரை மட்டும் தொடு, சிவப்புப் பக்கம் போகாதே, இடது பக்கமாகத் திருப்பு. நட்டு துருப்பிடித்திருந்தது, இரண்டு தடவை நழுவி விரல் முட்டியில் அடித்தது. மூன்றாவது தடவை இளகியது.

"கழண்டுச்சா?"

"கழண்டுருச்சு பாய்."

துணியைச் சுற்றி ஓரமாக மடக்கி வைத்துவிடு, மறுபடி தொட்டுக்கொள்ளக் கூடாது என்றார். பழைய பனியன் ஒன்றைக் கிழித்துச் சுற்றினேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனட்டை மூடினேன். பட்டாணிக்கு வண்டி வேண்டுமானால் அவனே எடுத்துக்கொள்ளட்டும், பேப்பர் வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை என்ன செய்வ?" என்று கேட்டார்.

அவருடைய வேலை போய்விட்டது, இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது, உடம்பு போய்க்கொண்டிருக்கிறது. அந்த மனுஷன் என்னுடைய வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்டோபரிலிருந்து வாரம் தவறாமல் அவரோடு பேசியிருக்கிறேன். டயர் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், கண்ணாடி துடைத்தேன் என்று சொன்னேன், பூனை ஏறவில்லை என்று சொன்னேன். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நெஞ்சுக்குள் சுருக்கென்று குத்தியது, நிஜமாகவே வலித்தது.

"பாய், உங்களுக்கு எப்படி இருக்கு?"

லைன் போய்விட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன், நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பயமா இருக்கு தம்பி," என்றார்.

நான் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன்.

"சொல்லுங்க பாய்," என்றேன்.